ஊசி இல்லாத இலையான்

இலையானின், அதாவது ஈயின், முகத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் யோகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது, அதுவும் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு. 1931ஆம் ஆண்டு, மழை விடாமல் பெய்து கண்டி நகரத்தில் வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம் வந்த காலம் அது. நான் அப்போது சுகாதாரக் கந்தோரில் கிளாக்கர். லண்டன் இன்ரர் சயன்ஸ் சோதனையில் விலங்கியலில் மட்டும் சித்தியடைந்து, மற்றப் பாடங்களையெல்லாம் கோட்டைவிட்டவன். அந்த ஒற்றைச் சித்திதான் என் தலையில் வந்து விடிந்தது.

"பரமநாதன், நீர் விலங்கியல் படிச்சனீர்தானே," என்றார் டொக்டர் தியாகராஜா. "இந்த இலையான் படங்களை நீர்தான் இனம் பிரிச்சுத் தரவேணும்."

டொக்டர்தான் எங்கள் கந்தோருக்குப் பெரியவர். நல்ல மனிதர், ஆனால் படம் பிடிப்பதென்றால் பைத்தியம். செத்த இலையானைக் குத்திப் பெட்டியில் வைத்தால் கண்டியின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போகும், படமென்றால் எத்தனை வருடம் போனாலும் உள்ளது உள்ளபடி இருக்கும் என்பது அவருடைய வாதம். அதற்கென்று ஓர் ஏற்பாடும் செய்துவைத்தார். ஓவர்சியர்மார் சந்தேகப்பட்ட கடைகளில் பசைக் கடதாசி தொங்கவிடுவார்கள். ஒட்டிய இலையான்களைப் பிய்த்தெடுத்து நெருப்புப் பெட்டியில் அடைத்து, கடையின் பெயரைப் போடாமல் ஓர் எழுத்தை மட்டும் மேலே எழுதுவார்கள். பெட்டி திருகோணமலை வீதியில் இருந்த ஒரு ஸ்ரூடியோவுக்குப் போகும். அங்கே பெரிய வில்லை பூட்டிப் படமெடுத்து, பெரிய தாளில் அச்சடித்து எனக்கு அனுப்புவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சுவர்ப் படத்தோடு ஒப்பிட்டு, இன்ன இனம் என்று நான் எழுதவேண்டும்.

நான் சைவம். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூடச் சாப்பிடும் நேரத்தில் சொல்லமாட்டோம். அம்பிட்டியவில் நான் தங்கியிருந்த போடிங்கில், சமையல்காரர் கருவாட்டுக் கடைப் பக்கம் போய்வந்தால் கைகால் கழுவாமல் குசினிக்குள் கால்வைக்க விடமாட்டேன். இப்படிப்பட்டவனின் மேசையில் நாள் முழுக்க இலையான். மயிர் முளைத்த கால்கள். பாதி முகத்தை அடைத்துக்கொண்டு வீங்கிய கண்கள். போதாக்குறைக்கு டொக்டர் என்னை வாசிக்கச் சொல்லித் தந்த புத்தகம் வேறு. வீட்டு இலையானுக்குப் பல் இல்லையாம். தான் உண்ணப்போகும் பண்டத்தின் மேல் முதலில் வாந்தியெடுத்து, அதை அந்த வாந்தியில் கரைத்து, பிறகுதான் உறிஞ்சுமாம். அதைப் படித்த நாளிலிருந்து மூடிவைக்காத எந்தப் பண்டத்தையும் என் வாய் ஏற்கவில்லை. போடிங்கில் எனக்குப் பைத்தியம் என்றார்கள். சொல்லட்டும், அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தவர்களா என்ன.

அந்த வேலையில் சிக்கல் இரண்டு இனத்தால்தான் வந்தது. ஒன்று, நம் சோற்றில் வந்து குந்துகிற வீட்டு இலையான். மற்றது, குதிரை லாயங்களில் ஈரத்தில் அழுகும் வைக்கோலில் பிறந்து, இரத்தம் குடித்து வாழுகிற லாயத்து இலையான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரே சாம்பல் நிறம், ஒரே பருமன், முதுகில் இரண்டுக்கும் நாலு கோடு. வித்தியாசம் மூன்று இடத்தில்தான். வீட்டு இலையானின் வாய் தொங்கும் பஞ்சு போன்றது. லாயத்து இலையானின் வாயோ முகத்துக்கு முன்னால் நீட்டிய கறுத்த ஊசி. லாயத்து இலையானின் வயிற்றில் கறுப்புப் புள்ளிகள் உண்டு, மற்றதற்கு இல்லை. மூன்றாவது, இறகின் ஓரத்துக்கு ஓடுகிற ஒரு நரம்பு: வீட்டு இலையானில் அது முழங்கை மாதிரிச் சடக்கென்று மடியும், லாயத்து இலையானில் மெல்ல வளைந்து போகும். இறகைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள யாருக்குப் பொறுமை? ஊசி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதிவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம்.

கட்டுகலையிலிருந்து வந்த பெட்டியில்தான் வில்லங்கம் தொடங்கியது. அங்கே சாஹுல் ஹமீது என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் ஆப்பம், மத்தியானம் சோறும் மாட்டிறைச்சியும், வெள்ளிக்கிழமையில் மாட்டுக் குடலில் ஆக்குகிற பாபத் கறி. மேல்மாடியில் குடும்பம் இருந்தது; கடையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். கடையின் பின்சுவரோடு ஒட்டி, வழக்காடும் பிறக்கிராசி செல்லப்பாவின் குதிரை லாயம். நகரத்தில் பாதிப் பெரிய மனிதர்கள் மோட்டார் காருக்கு மாறிவிட்டார்கள். செல்லப்பா மட்டும் தன் இரண்டு குதிரைகளையும் வண்டியையும் விடவில்லை. அவர்தான் பெட்டிசம் எழுதியிருந்தார். கடையின் அசுத்தத்தால் இலையான் பெருகிவிட்டது, தெருவில் நோய் பரவுகிறது, தன் குதிரைகள்கூட இரவும் பகலும் காலை உதறிக்கொண்டு நிற்கின்றன என்று.

டொக்டரின் தீர்ப்பு படத்தைப் பொறுத்தது. வீட்டு இலையான் என்று நான் எழுதினால் கடைக்குப் பூட்டு. லாயத்து இலையான் என்று எழுதினால் கடை பிழைக்கும், செல்லப்பா தன் லாயத்து வைக்கோலை அள்ளிக் கொட்டவேண்டும்.

படங்கள் வருவதற்கு முன்னரே இரண்டு பேரும் என்னிடம் வந்துவிட்டார்கள். செல்லப்பா பிள்ளையார் கோயில் வாசலில் என் தோளில் கைபோட்டார். அவர் வாயில் வெற்றிலையும் கையில் திருநீறும் இருந்தன.

"தம்பி, நீர் வடமராட்சிப் பிள்ளை எண்டு கேள்விப்பட்டன். எங்கட பக்கத்து ஆள் ஒராள் கந்தோரிலை இருக்கிறது எங்களுக்குப் பெருமைதானே," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் தோய்க்கப் போட்டேன்.

சாஹுல் ஹமீது கந்தோருக்கே வந்தார். நடுத்தர வயது, சாரம், தலையில் தொப்பி. அவர் வந்த பின்னால் அறைக்குள் குடல் கறி மணம் வந்தது. நான் கைலேஞ்சியால் மூக்கைத் தொட்டுக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"ஐயா, அந்த ஈ சோத்துல குந்துறல்ல," என்றார். "காலுலதான் குந்தும். கடிக்கும். சாப்பிட வார ஆளுகள் கால தூக்கி பெஞ்சில வச்சிக்கிட்டுத்தான் சாப்பிடுறாங்க. அது லாயத்துல இரிந்து வார ஈ. நீங்க வந்து ஒருக்கா பாருங்க."

"படம் வரட்டும் நாநா. படத்தைப் பாத்துத்தான் முடிவு," என்றேன். அந்தக் கடைக்குள் போய் நிற்க எனக்கு மனமில்லை.

படங்கள் வந்தன. உறையைப் பிரித்த எனக்கு ஆச்சரியம். இதற்கு முன் வந்த படங்கள் ஸ்ரூடியோவில் முன்பு இருந்த ஆள் செய்தவை. பசையும் அழுக்குமாகக் குமட்டும். இவை அப்படியில்லை. வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொரு இலையானும் மூக்கும் முழியுமாக, கலியாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. வயிறு மாசுமருவின்றிப் பளபளத்தது. தப்பியொரு மயிர்கூட இல்லை. ஊசியும் இல்லை. டொக்டர் எட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"அருமையான வேலை. இதிலை ஒண்டைப் பெருப்பிச்சு கண்காட்சியிலை வைப்பம்," என்றார். அந்தக் கிழமை சுகாதாரக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நான் எழுதி முடிப்பதற்கு முன்னரே ஒரு படம் மண்டபத்துச் சுவரில் ஏறிவிட்டது. கீழே கொட்டை எழுத்தில்: "கட்டுகலைச் சாப்பாட்டுக் கடையில் பிடிபட்ட வீட்டு இலையான்."

ஊசி இல்லை, எழுதவேண்டியது ஒரு சொல்தான். பேனாவை மையில் தோய்த்தும் விட்டேன். ஆனால் அருவருப்புக்கு ஒரு குணம் உண்டு. பார்க்கக்கூடாது என்று நினைக்கிற இடத்தில்தான் கண் போய் ஒட்டும். அந்தப் பளபளத்த வயிற்றைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை இறகுக்குத் திருப்பினேன். நரம்பு மடியவில்லை. மெல்ல வளைந்து போயிற்று. அடுத்த படத்திலும் அப்படியே. எல்லாப் படத்திலும் அப்படியே. வீட்டு இலையானின் முகம், லாயத்து இலையானின் இறகு. இப்படியொரு பிறவியை ஆண்டவன் படைக்கவில்லை. படைத்திருந்தால் திருகோணமலை வீதியில்தான் படைத்திருக்கவேண்டும். குடையை எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனேன்.

ஸ்ரூடியோவின் பின்பக்கத்தில், ஜன்னலோரம், சாய்மேசைக்கு முன்னால் லாபிர் இருந்தார். படம் பிடிப்பது வேறொருவர். கண்ணாடித் தகட்டில் முகங்களைத் திருத்துவது லாபிரின் வேலை. கையில் ஊசி மாதிரிச் சீவிய பென்சில்; தகட்டில் அது பட்ட இடம் அச்சில் வெளுத்துவிடும். அன்றைக்கு ஒரு மணப்பெண்ணின் முகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இரிங்க ஐயா. படம் எப்படி?"

"வலு வடிவு," என்றேன். "இலையான்ரை வாயிலை ஏதும் நீட்டிக்கொண்டு இருந்ததே?"

லாபிரின் முகம் மலர்ந்தது. தன் உழைப்பை யாரோ கண்டுகொண்டார்களே என்ற மலர்ச்சி.

"இரிந்திச்சி ஐயா. எல்லாத்துக்கும் இரிந்திச்சி. பசையில ஒட்டி, குச்சியோ குப்பையோ கடிச்சிக்கிட்டே செத்துப்போச்சி எண்டு நெனச்சேன். ஒண்டொண்டா அடச்சி எடுத்தேன். வகுத்துல வேற கறுப்புக் கறுப்பாப் புள்ளி. நம்மட ஆளுகள்ட மூஞ்சில அம்மத் தழும்ப எப்படி எடுக்குறோமோ, அப்படித்தான் எடுத்தேன். கண்ணு வலி எடுத்திட்டுது."

"உங்களை ஆர் திருத்தச் சொன்னது?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "திருத்தாம எப்படி ஐயா குடுக்குற? மூஞ்சில உள்ள மருவ அப்படியே விட்டா, ஆரு படத்த வாங்குவாங்க? நான் வந்த பொறகு இந்தக் கடையில இரிந்து ஒரு படமும் திருத்தாமப் போனதில்ல. அதுவும் கந்தோர் வேல. பெரிய டாக்டர் பாக்குறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் முகம் சுளித்து, குமட்டலை அடக்கி, கண்ணைக் கெடுத்து உட்கார்ந்திருக்க, இந்த மனிதர் இலையானுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். ஊசி எதற்கு, புள்ளி எதற்கு என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். அந்த ஊசி இல்லாததால் கட்டுகலையில் ஒரு கடைக்குப் பூட்டு விழப்போகிறது என்றும் சொன்னேன்.

"ஆர்ட கட?"

"சாஹுல் ஹமீது நாநாவின்ரை."

லாபிர் பென்சிலைக் கீழே வைத்தார். குனிந்து தன் கணுக்காலைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பகலைக்குச் சாப்பிடுறது அங்கதான் ஐயா. அந்த ஈ என்ட கணுக்காலையே கடிச்சீக்குது. செத்துக் கெடக்கக்குள்ள அடையாளம் தெரியல்ல."

தகட்டின் மேல் பென்சிலால் அடைத்ததைத் துடைத்தால் பழையபடி வருமா என்று கேட்டேன். வரும் என்றார். ஒரு துண்டுப் பஞ்சில் டர்ப்பன்டைன் தொட்டு, மணப்பெண்ணைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, இலையானின் தகட்டை எடுத்துத் துடைத்தார். வாயில் ஊசி வந்தது. வயிற்றில் புள்ளி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அந்த அழகுகள் அத்தனையும் அசிங்கமாகின. என் வாழ்க்கையில் ஓர் அசிங்கத்தைக் கண்டு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

புதிதாக அச்சடித்த படங்களை டொக்டரின் மேசையில் பரப்பினேன். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"முதல் வந்த படம் திருத்தின படம் எண்டு சொல்லுறீர். இது திருத்தாத படம் எண்டு நான் என்னெண்டு நம்புறது? அந்த லாபிர் சாஹுல் ஹமீதின்ரை கடையிலை சாப்பிடுறவன் எண்டும் நீரே சொல்லுறீர். ஊசியை அழிக்கத் தெரிஞ்சவனுக்குக் கீறத் தெரியாதே?"

கேள்வி நியாயமானது என்பதுதான் எரிச்சல். படம் உள்ளது உள்ளபடி இருக்கும் என்று வருடக்கணக்காகச் சொன்னவர் இவர். இப்போது படத்தையே நம்பமாட்டாராம். மிச்சமிருந்தது ஒரே வழி. அந்தக் கடைக்கு நானே போகவேண்டும்.

போனேன். மழை விட்ட நேரம். குடல் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டி, கடையின் பின்பக்கத்தில், லாயத்துச் சுவரோரம் ஒரு பெஞ்சைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நனைந்த வைக்கோலின் வாடை, இந்தப் பக்கம் இறைச்சி வாடை. இரண்டுக்கும் நடுவில் நான், களுசானை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி. எனக்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் கறியும் வைக்கச் சொன்னேன். அதில் எதுவும் வந்து குந்தவில்லை. என் காலில் குந்தின. முதல் கடியிலேயே துள்ளினேன். ஊசிதான், சந்தேகமில்லை. அசையாமல் இருந்து, குந்தியவற்றின் மேல் ஜாம் போத்தலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடித்தேன். சாஹுல் ஹமீது குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் ஐயா. கால் வீங்கப் போகுது," என்றார்.

போத்தலைக் கந்தோருக்குக் கொண்டுபோய், வாயைத் திறந்து, டொக்டரின் கையில் கவிழ்த்தேன். மரியாதைக் குறைவுதான். ஆனால் என் கால் இருந்த இருப்பில் மரியாதை நினைவுக்கு வரவில்லை. டொக்டர் என்னை முறைத்தார். முறைத்தபடியே இருந்தவர் திடீரென்று "ஆ" என்று கையை உதறி, மற்றக் கையால் அடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் இலையான் நசுங்கி, அதன் வயிற்றிலிருந்து இரத்தம் தெறித்தது. அது அவருடைய இரத்தமோ என்னுடையதோ தெரியாது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிவப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்காது.

"சரி," என்றார் டொக்டர். "லாயத்து இலையான் எண்டு எழுதும்."

கடைக்குப் பூட்டு இல்லை என்று ஆயிற்று. செல்லப்பாவுக்கு லாயத்தைத் துப்புரவாக்கும்படி உத்தரவு போயிற்று. ஆனால் கண்காட்சிப் படத்தைக் கழற்ற டொக்டர் சம்மதிக்கவில்லை. நடுவில் கழற்றினால் சனம் சிரிக்கும், முடியும்வரை இருக்கட்டும், யார் கீழே இருக்கிற எழுத்தை வாசிக்கப்போகிறார்கள் என்றார். எல்லோரும் வாசித்தார்கள். குண்டசாலையிலிருந்தும் பன்விலையிலிருந்தும் வண்டி கட்டி வந்த சனம்கூட அந்த அழகான இலையானைப் பார்த்து, கீழே இருந்ததை வாசிப்பித்துக் கேட்டு, காறித் துப்பிவிட்டுப் போனது. கந்தோர்த் தாளில் நான் எழுதியதை வாசிக்க ஒருவரும் வரவில்லை.

கண்காட்சி முடிந்த பிறகு சாஹுல் ஹமீது மறுபடி கந்தோருக்கு வந்தார். இந்த முறை வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"பூட்டுப் போடாட்டியும், கட பூட்டின மாதிரித்தான் ஐயா. ஆக்கினத வாய்க்கால்ல கொட்டுறேன். லாபிரும் இன்னும் ரெண்டு மூணு பேரும்தான் வாராங்க," என்றார். "ஒங்கள்ட்ட ஒண்டு கேக்கணும். இறைச்சி திங்கச் சொல்லல்ல. கடைக்கு முன் மேசையில குந்தி, ரோட்டால போற ஆளுகள் பாக்கக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிங்க. கந்தோர் ஐயாவே குடிக்கிறாரு எண்டு தெரிஞ்சா சனம் வரும். அது போதும் எனக்கு."

நியாயமான மனிதனாக இருந்தால் உடனே ஓம் என்றிருப்பேன். எனக்கோ அந்தக் கடைக் கோப்பை எந்தப் பாத்திரத்தோடு கழுவப்பட்டிருக்கும் என்றுதான் யோசனை ஓடியது. அவர் கேட்டது ஒரு தேத்தண்ணி. கடைக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. "நாளைக்கு வாறன்," என்றேன்.

மறுநாள் கந்தோர் விட்டு, சனம் நடமாடும் நேரத்தில் போனேன். செய்தி எப்படியோ பரவியிருந்தது. எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். வண்டில்காரர் சிலர் மாட்டை அவிழ்க்காமல் நின்றார்கள். செல்லப்பா, எதிர்ப்பக்கத்திலேயே இருந்த தன் வீட்டின் கேற்றில் சாய்ந்து, கையில் பத்திரிகையோடு, பத்திரிகையைப் பார்க்காமல் நின்றார். கடைக்குள் லாபிர் ஒருவர்தான் இருந்தார். முன் மேசையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சீலை விரித்திருந்தார்கள். சாஹுல் ஹமீது தன் கையாலேயே கண்ணாடிக் கிளாஸைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, தேத்தண்ணியை ஆற்றி, பால் விட்டு, என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

நல்ல தேத்தண்ணி. ஏலக்காய் மணந்தது. என்னால் முடியும் என்றே தோன்றியது. ஒரு மிடறு குடித்தேன். வயிறு ஏற்றுக்கொண்டது. தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தேன். துணிக்கடைக்காரரும் சிரித்தார்.

அடுத்த மிடறுக்குக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது, எங்கிருந்தோ ஒன்று வந்து அதற்குள் விழுந்தது.

என் முகத்துக்கு நேரே, பாலாடையின் மேல், இறகை விரித்துக்கொண்டு கிடந்து துடித்தது. இவ்வளவு நாளாக நான் பார்த்துப் பழகிய பார்வை தன்பாட்டில் வேலை செய்தது. முதுகில் நாலு கோடு. வயிற்றில் புள்ளி இல்லை. இறகின் நரம்பு முழங்கை மாதிரி மடிந்திருந்தது. வாயில் ஊசி இல்லை. தொங்கிய வாயால் என் தேத்தண்ணியைத் தடவிக்கொண்டிருந்தது. சுத்தமான வீட்டு இலையான், திருத்தாதது. கண்டியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும், ஏன், என் போடிங்கிலும், ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைச் செல்லப்பாவுக்கு யார் சொல்வது?

விரலால் எடுத்துப் போட்டால் தெரு முழுக்கக் காணும். கிளாஸைக் கீழே வைத்தால் அதுவே போதும். எதிரே செல்லப்பா கேற்றிலிருந்து முதுகை நிமிர்த்தினார். அவருக்கு இலையான் தெரிந்திருக்காது. என் கை நின்றது தெரிந்திருக்கும். நான் சாஹுல் ஹமீதைப் பார்த்தேன். அவர் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுவிட்டார். மன்றாடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வெள்ளைச் சீலையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணை மூடவில்லை, மூடினால் தெரியும். வாயைத் திறந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். நாக்கில் கால்கள் ஊர்ந்தன. தொண்டையில் ஒரு கணம் சிறகு அடித்தது. பிறந்த நாள் தொட்டு மச்சமாமிசம் வாயில் வைக்காத நான் அதை உயிரோடு விழுங்கினேன். உடம்பெல்லாம் மயிர் குத்திட்டது. குடல் மேலே எழும்பி வந்தது. பல்லைக் கடித்து அதைக் கீழே தள்ளி, காலிக் கிளாஸைத் தெருவுக்குத் தெரியும்படி மேசையில் வைத்தேன்.

துணிக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து லாபிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பம் கேட்டார். வண்டில்காரர்கள் மாட்டை அவிழ்த்தார்கள். செல்லப்பா பத்திரிகையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சாஹுல் ஹமீது காலிக் கிளாஸை எடுத்து அடியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கடைக்குள் நாலு பேர் இருந்தார்கள், கேட்க வேண்டியதை அவர் கேட்டாக வேண்டும்.

"இன்னொண்டு ஊத்தவா ஐயா?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஊத்துங்கோ நாநா," என்றேன்.